"நெட் வரல"ன்னா எது வரல? வீட்டு நெட், வைஃபை பத்தி மதுரையில நம்மகிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

செல்லூர்ல பல வருசமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், வீட்டுக்கு வீடு போயி ரூட்டர் மாட்டுறது, கடைகளுக்கு கேபிள் இழுக்குறதுன்னு அதுவும் சேந்தே ஓடுது. போன் எடுத்தா முக்காவாசி பேரு சொல்றது ஒரே வார்த்தைதான், "தம்பி நெட் வரல". அந்த ஒரு வார்த்தைக்குள்ள பத்து விதமான கோளாறு ஒளிஞ்சிருக்கும். தெருவுல வயர் அறுந்திருக்கலாம், ரூட்டர் பொட்டி செத்திருக்கலாம், சுவரு மறைக்கலாம், உங்க போனே மக்கர் பண்ணலாம். இதுல எதுன்னு பேரு சொல்லத் தெரிஞ்சா பாதி வேலை போன்லயே முடிஞ்சிரும், தேவையில்லாம புதுப் பொட்டிக்கு காசு குடுக்கவும் வேண்டாம். அதுக்காகத்தான் என்கிட்ட கேட்ட கேள்வியெல்லாம் சேத்து இங்க எழுதுறேன்.

வைஃபையும் இன்டர்நெட்டும் ஒண்ணுதானண்ணே?

ரெண்டும் வேற வேற. இதைப் புடிச்சிக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால வெளங்கும், அதான் முதல்ல வச்சிருக்கேன். இன்டர்நெட்ங்கிறது வெளியருந்து உங்க வாசல் வரைக்கும் வர்றது, கார்ப்பரேஷன் தண்ணி மாதிரி. வைஃபைங்கிறது வாசல்லருந்து உங்க கையில இருக்க போனுக்கு காத்து வழியா போற கடைசி இருவது முப்பது அடி. வீட்டுக்குள்ள பைப்பு எம்புட்டு நல்லா இருந்தாலும் தெருவுல தண்ணி விடலைன்னா குழாயில காத்துதான் வரும்ல, அதே கதைதான், போன்ல வைஃபை கோடு முழுசா நிக்கும் ஆனா வீடியோ சுத்திக்கிட்டே கெடக்கும். வைஃபை படத்துக்கு பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி வந்தா போன் சொல்றது என்னன்னா, பொட்டி வரைக்கும் போயிட்டேன், அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் கெடைக்கலன்னு.

திருப்பியும் பாருங்க, இன்டர்நெட் இல்லாமலே வைஃபை வேலை செய்யும். லைன் அறுந்து கெடந்தாலும் போன்லருந்து அதே வீட்டு பிரின்டருக்கு பிரின்ட் குடுக்கலாம், கடை கேமராவை கடைக்குள்ள உக்காந்து பாக்கலாம். இந்த வீட்டுக்குள்ள இருக்க வட்டத்துக்குப் பேரு லேன், வெளிய இருக்க பெரிய வலைக்குப் பேரு வேன். ரூட்டர் பின்னாடி தனி கலர்ல ஒரு ஓட்டை இருக்கே அது வேன், ஒரே கலர்ல வரிசையா இருக்கதெல்லாம் லேன். வீடு கூட்டும்போது கழண்ட வயரை இடம் மாத்தி சொருகிட்டு ரெண்டு நாளு நெட் இல்லாம இருந்த வீடெல்லாம் பாத்திருக்கேன்.

மோடம், ரூட்டர், ஓஎன்டி, எல்லாரும் ஒவ்வொரு பேரு சொல்றாங்க, எங்க வீட்ல இருக்கது எது?

இப்பெல்லாம் பெரும்பாலும் ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பொட்டிக்குள்ள இருக்கும், மோடம் பழைய டெலிபோன் லைனுக்கானது. மோடம்னா டெலிபோன் வயர்ல வர்ற சிக்னலை கம்ப்யூட்டருக்கு புரியுற மாதிரி மாத்துறது. நம்ம நாட்டுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, அப்ப டெலிபோன் லைன்லதான் டயல் பண்ணி போகணும், கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருமே அது மோடம் போடுற சத்தம். இப்ப வர்றது ஃபைபர், கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சமா வருது, அந்த வெளிச்சத்தை மாத்திக் குடுக்கறது ஓஎன்டி. லைன்மேனுங்க ஓஎன்யூன்னும் சொல்வாங்க, வீட்டைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான்.

ரூட்டர் வேலை வழி காட்டுறது. தேனி போறவரு ஆரப்பாளையம் போகணும், திருச்சி போறவரு மாட்டுத்தாவணி போகணும், தெரியாத ஊர்க்காரரு பெரியார்ல வந்து நின்னா யாராச்சும் "நீங்க அங்கிட்டு போங்க"ன்னு கைகாட்டி விடுவாங்கள்ல, அந்தக் கைகாட்டுறதுதான் ரூட்டிங். உங்க போன்லருந்து கெளம்புற ஒவ்வொரு துண்டு டேட்டாவையும், அதுக்குப் பேரு பாக்கெட், இது வீட்டுக்குள்ள இருக்க டிவிக்கா இல்ல வெளிய போகணுமான்னு பாத்து அனுப்புறது ரூட்டர். வழியில இதே மாதிரி பல ரூட்டரு இருக்கும், ஒவ்வொண்ணும் அடுத்த ஸ்டாப்புக்கு மட்டும்தான் கைகாட்டும். ஸ்விட்சுன்னு ஒண்ணு விக்கிறாங்களே அதுக்கு வெளியூர் வழி தெரியாது, ஒரே வீட்டுக்குள்ள கடைக்குள்ள இருக்க சாமானை கேபிள்ல இணைக்கிறதுக்கு மட்டும்.

பொட்டியில செவப்பு லைட்டு மின்னுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் போகல?

லைட்டுக்கு மேல எல்ஓஎஸ் (LOS)னு எழுதியிருக்கான்னு பாருங்க. எழுதியிருந்தா ஃபைபர்ல வெளிச்சம் வரலைன்னு அர்த்தம். கேபிள் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல ரொம்ப மடங்கியிருக்கு, இல்ல பின்னாடி பச்சை கலர் கனெக்டர் லூசா இருக்கு. ஃபைபரை வயர் மாதிரி நெனைச்சு பீரோ இடுக்குல மடிச்சு சொருகுறாங்க, உள்ள கண்ணாடிங்க அது, ரொம்ப வளைஞ்சா வெளிச்சம் வெளிய கசிஞ்சிரும். சரியா இருக்கும்போது எல்ஓஎஸ் லைட்டு எரியவே கூடாது, பான் (PON)னு எழுதியிருக்க லைட்டு அசையாம பச்சையா நிக்கணும், பான் மின்னிக்கிட்டே இருந்தா பொட்டி கம்பெனிக்காரன் சாமானத்தோட பேச முயற்சி பண்ணுது, இன்னும் ஒத்துக்கலன்னு அர்த்தம்.

லைன்மேன் மீட்டர் வச்சு பாத்தா மைனஸ்ல ஒரு நம்பர் சொல்வாரு, டெசிபல்னு. மைனஸ் 20 சுத்தி இருந்தா நல்லது, மைனஸ் 27 பக்கம் போயிருச்சுன்னா அடிக்கடி அறுந்து அறுந்து வரும். அந்த நம்பரை கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, அடுத்த தடவை கோளாறு வந்தா ஒப்பிட்டு பாக்கலாம். இன்னொண்ணு, கழண்ட ஃபைபர் முனையை கண்ணுக்கு நேரா புடிச்சு வெளிச்சம் வருதான்னு பாக்கவே பாக்காதீங்க, புள்ளைங்களையும் விடாதீங்க. அது கண்ணுக்குத் தெரியாத லேசர் வெளிச்சம், வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஐபி அட்ரஸ்னா என்ன, எங்க வீட்டுக்கு ஒண்ணா இல்ல போனுக்கு ஒண்ணா?

ரெண்டும்தான். மதுரைக்காரங்களுக்கு இதை சொல்றது லேசு. 12-ம் நம்பர் வீடு கீழமாசி வீதியிலயும் இருக்கும், மேலமாசி வீதியிலயும் இருக்கும், வெறும் 12ன்னு சொன்னா அந்தத் தெருக்காரங்களுக்கு மட்டும்தான் புரியும். அது மாதிரி உங்க போனுக்கு 192.168.1.5ன்னு நம்பர் இருந்தா எதுத்த வீட்டு டிவிக்கும் அதே நம்பர் இருக்கலாம், சண்டையே வராது, ஏன்னா அது வீட்டுக்குள்ள மட்டும் செல்லுற நம்பர். வெளிய உங்க வீட்டுக்கு வேற ஒரு பொது நம்பர்.

அப்ப பத்து போனுக்கும் ஒரே பொது நம்பர்னா வர்ற டேட்டா யாருக்குன்னு எப்படித் தெரியும்னு ஒரு டீச்சரம்மா கேட்டாங்க, நல்ல கேள்வி. நம்ம காம்பவுண்டு வீடு தெரியும்ல, உள்ள எட்டு குடித்தனம் இருக்கும், தபால்காரரு வாசல்ல ஒரே எடத்துல எல்லாத்தையும் குடுப்பாரு, வீட்டுக்காரம்மா பாத்து இது ஒனக்கு இது அவளுக்குன்னு பிரிச்சுக் குடுக்கும். ரூட்டர் அந்த வேலையை பாக்குது, எந்தப் போன் எந்தக் கேள்வி கேட்டுச்சுன்னு ஒரு நோட்டு போட்டு வச்சுக்கிட்டு பதிலு வந்ததும் சரியா அங்க அனுப்பும். இதுக்குப் பேரு நேட்.

இப்படி செய்யக் காரணம் இருக்கு. பழைய ஐபி, அதாவது ஐபிவி4, 32 பிட்ல எழுதுற நம்பர், மொத்தமே கிட்டத்தட்ட 430 கோடிதான் வரும், உலகத்து ஜனத்தொகைக்கே பத்தாது. அதனால இப்ப நெறைய கம்பெனிங்க ஒரு தெரு முழுக்க ஒரே பொது நம்பருக்குள்ள அடைச்சு விடுறாங்க, காம்பவுண்டுக்கு மேல இன்னொரு பெரிய காம்பவுண்டு. பேரு சிஜிநேட். வீடியோ பாக்க, மெசேஜ் அனுப்ப இதுல ஒண்ணும் தெரியாது. கடை கேமராவை வெளியூர்லருந்து நேரா பாக்கணும்னு போர்ட் ஃபார்வர்டு, அதாவது வெளியருந்து வர்றதை நேரா கேமராவுக்கு அனுப்பச் சொல்ற செட்டிங், போட்டா மட்டும் வேலை செய்யாது, என்ன செட்டிங் மாத்தினாலும் செய்யாது, அங்க உங்க ரூட்டர் மேல தப்பு இல்ல. ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கு மட்டும்னு மாறாத ஒரு பொது நம்பர், வேணும்னு கம்பெனிகிட்ட கேக்கணும், இல்ல கேமரா கம்பெனியோட ஆப் வழியா பாக்கணும். புதுசா வந்த ஐபிவி6 128 பிட், அதுல நம்பர் பஞ்சமே கெடையாது, உங்க போன்ல ஏற்கனவே அது ஓடிக்கிட்டு இருக்கலாம்.

டிஎச்சிபி?

புதுசா வர்ற போனுக்கு "இந்தா ஒனக்கு இந்த நம்பர்"னு ரூட்டர் தானா எடுத்துக் குடுக்குற ஏற்பாடு. இதை ஆஃப் பண்ணிட்டா ஒவ்வொரு போன்லயும் கையால நம்பர் அடிக்கணும். ஒரே வீட்டுல ரெண்டு ரூட்டர் மாட்டி ரெண்டுலயும் இது ஆன்ல இருந்தா, ரெண்டாவது ரூட்டரை லேன் ஓட்டையில சொருகியிருந்தா, வீடே கொழம்பிப் போகும், சில போன்ல நெட் வரும் சிலதுல வராது.

வாட்ஸ்அப் வருது, ஆனா எந்த வெப்சைட்டும் தெறக்கல, இது என்ன கூத்து?

டிஎன்எஸ் கோளாறா இருக்கலாம். நாம பேரை அடிக்கிறோம், கம்ப்யூட்டருக்கு நம்பர்தான் தெரியும், பேரை நம்பரா மாத்திச் சொல்ற டைரக்டரிதான் டிஎன்எஸ், 1983லயே பால் மோகபெட்ரிஸ்னு ஒருத்தர் உண்டாக்குனது. அந்த டைரக்டரி பதில் சொல்லலைன்னா நெட் நல்லாவே இருந்தும் சைட் தெறக்காது, ஆனா ஏற்கனவே நம்பர் தெரிஞ்சு வச்சிருக்க ஆப்பு கொஞ்ச நேரம் ஓடும். ரூட்டர்லயோ போன்லயோ டிஎன்எஸ் எடத்துல 8.8.8.8ன்னு போட்டுப் பாருங்க, அது கூகுளோடது, 1.1.1.1 க்ளவுட்ஃப்ளேரோடது, ரெண்டும் காசில்லாமதான். போட்டதும் தெறந்துருச்சுன்னா உங்க கம்பெனியோட டைரக்டரிதான் படுத்திருச்சுன்னு அர்த்தம். நெட் ஸ்பீடு இதுனால ஏறும்னு சிலரு சொல்றது சரியில்ல, சைட் தெறக்க ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடி வேணா குறையும், டவுன்லோடு வேகம் அப்படியேதான் இருக்கும்.

100 எம்பி பிளான் போட்டிருக்கேன், டவுன்லோடு 12தான் காட்டுது, ஏமாத்துறாங்களா?

இந்த எடத்துல ஏமாத்தல. கம்பெனி சொல்றது மெகாபிட், உங்க கம்ப்யூட்டர் டவுன்லோடுல காட்டுறது மெகாபைட். 8 பிட்டு சேந்தா 1 பைட்டு. 100ஐ 8ஆல வகுத்தா 12.5. அப்ப 12 வந்தா உங்களுக்கு முழுசா வருதுன்னு அர்த்தம். 1 ஜிபி படம் இறங்க ஒன்றரை நிமிசம் ஆகும், அதான் கணக்கு.

சண்டை போட வேண்டிய எடம் வேற. ஸ்பீடு டெஸ்ட்டை லேன் கேபிள்ல கம்ப்யூட்டரை மாட்டி, மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு எடுங்க, காலையில ஒண்ணு ராத்திரி ஒம்பது மணிக்கு ஒண்ணு. கேபிள்ல 95 வந்து வைஃபைல 30 வந்தா உங்க வீட்டு சுவரைத்தான் பாக்கணும், கேபிள்லயே ராத்திரி 15 வந்தா கம்பெனிகிட்ட ஆதாரத்தோட பேசலாம். 2023லருந்து நம்ம நாட்டுல பிராட்பேண்டுன்னு சொல்லணும்னா குறைஞ்சது 2 மெகாபிட் வரணும்னு சட்டம் சொல்லுது, அதுக்கு முன்னாடி 512 கிலோபிட்தான் இருந்துச்சு. 300, 500னு பெரிய பிளானுக்கு ஓடாதீங்க, நல்ல தெளிவான வீடியோவுக்கு ஒரு டிவிக்கு 5 மெகாபிட் போதும், நாலு பேரு இருக்க வீட்டுக்கு 50 தாராளம்னு நான் மனசாரச் சொல்வேன்.

ஸ்பீடு நல்லா இருக்கு, ஆனா மகன் கேம் லேக் ஆகுதுன்னு கத்துறான்?

அது பிங். ஒரு பாக்கெட் போயி பதிலோட திரும்பி வர்ற நேரம், மில்லிசெகண்ட் கணக்கு. ஸ்பீடுங்கிறது ரோட்டோட அகலம், பிங்குங்கிறது ஊருக்கு போற தூரம், ரோட்டை அகலமாக்குனா சென்னை பக்கத்துல வந்துராது. ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், மதுரையிலருந்து சென்னை சர்வருக்கு போயி வர வெறும் அஞ்சு ஆறு மில்லிசெகண்ட்தான் தூரத்துக்கு ஆகும், நடுவுல இருக்க சாமானத்துக்கெல்லாம் சேத்தா கூட கொஞ்சம். அதே கேம் சர்வர் அமெரிக்காவுல இருந்தா யாரு என்ன பண்ணாலும் இருநூறுக்கு கீழ வர்றது கஷ்டம். அதனால கேம்ல சர்வர் எடுக்கும்போது இந்தியா இல்ல சிங்கப்பூர்னு எடுக்கச் சொல்லுங்க, முடிஞ்சா கேபிள்ல விளையாடச் சொல்லுங்க. ஒரு நேரம் 30, ஒரு நேரம் 200ன்னு ஆடுச்சுன்னா அதுக்குப் பேரு ஜிட்டர், முக்காவாசி அது வைஃபைனால வர்றது.

2.4, 5ன்னு ரெண்டு வைஃபை பேரு வருது, எதுல சேரணும்?

ரெண்டும் ரேடியோ அலைதான், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவா போனாலும் தூரம் போகும், சுவரைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ரெண்டு சுவரு தாண்டினா மூச்சு வாங்கும். ஒரே ரூம்ல இருந்தா 5, மாடியில சமையல்கட்டுல இருந்தா 2.4. இதோட 5ஜிங்கிற மொபைல் நெட்டை கொழப்பிக்காதீங்க, ரூட்டர் பேருல 5ஜின்னு இருக்கது வெறும் 5 கிகாஹெர்ட்ஸ், மொபைல் 5ஜின்னா ஐந்தாம் தலைமுறை, சம்பந்தமே இல்ல.

மதுரையில வீடுகளை வச்சு சொல்றேன் கேளுங்க. மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் பழைய வீடுங்க குறுகலா ரொம்ப நீளமா இருக்கும், நடுவுல முற்றம், சுவரு ஒண்ணரை அடி கனம், காரைச் சுவரு. வாசல் ரூம்ல ரூட்டர் வச்சா பின்கட்டுல ஒரு கோடு கூட நிக்காது. அங்க எத்தனை விலை குடுத்து பெரிய ரூட்டர் வாங்கினாலும் சுவரு கரையாது, முற்றத்தை ஒட்டி நடுவீட்டுக்கு கேபிள் இழுத்துட்டுப் போயி வைக்கிறதுதான் வழி. அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் புது அப்பார்ட்மென்டுல சுவரு மெல்லிசு, அங்க பிரச்சனை பக்கத்து வீட்டுக்காரங்க வைஃபை, அதை அடுத்த கேள்வியில சொல்றேன்.

எங்க வைக்கணும்னு கேட்டா, வீட்டு நடுவுல, ஆளு ஒசரத்துக்கு மேல, தெறந்த எடத்துல. இரும்பு பீரோ பக்கத்துலயோ பின்னாடியோ வேண்டாம், இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடிக்குப் பின்னாடி பூசியிருக்க பூச்சும் அதேதான் செய்யும். தண்ணி அலையைக் குடிச்சிரும், மீன் தொட்டி, தண்ணி டேங்க் ஓரமா வைக்காதீங்க. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுறதும் 2.4 பக்கத்துலதான், அது ஓடும்போது நெட் தடுமாறும். பார்க்க அசிங்கமா இருக்குன்னு டிவி ஸ்டாண்டுக்குள்ள கதவு போட்டு மூடி வைக்கிறாங்க, வேண்டாங்க, சூடும் ஏறும் சிக்னலும் போகும். ஆன்டெனாவை நேரா நிமித்தி விடுங்க, அலை குச்சியைச் சுத்தி பக்கவாட்டுலதான் அதிகமா போகும், குச்சி முனை பாக்குற பக்கம் ரொம்பக் கம்மி. மாடிக்கும் வேணும்னா ஒண்ணை மட்டும் படுக்க வைங்க.

சேனல்னா என்ன, ராத்திரி மட்டும் ஸ்லோ ஆகுது?

2.4ஐ 13 சேனலா பிரிச்சிருக்காங்க, ஆனா பக்கத்துப் பக்கத்து சேனல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். 1, 6, 11 இந்த மூணு மட்டும்தான் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம ஓடும். அப்பார்ட்மென்டுல இருவது வீட்டு ரூட்டர் இந்த மூணு பாதையிலதான் ஓடணும், ராத்திரி எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் நெரிசல். வைஃபையில ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் பேச முடியும், மத்தவங்க கேட்டுக்கிட்டு காத்திருக்கணும். போன்ல வைஃபை அனலைசர்னு ஆப் போட்டுப் பாருங்க, எந்த சேனல்ல கூட்டம் கம்மின்னு காட்டும், ரூட்டர்ல போயி அதை வைங்க. 5 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் நெறைய இருக்கு, நெரிசலே வேணாம்னா அங்க போயிருங்க.

வைஃபை 4, 5, 6ன்னு விக்கிறாங்க, புதுசு வாங்கணுமா?

முதல் வைஃபை தரம் 1997ல வந்துச்சு, 802.11னு பேரு, வேகம் வெறும் 2 மெகாபிட். அப்புறம் பின்னாடி இங்கிலீஷ் எழுத்து சேத்து பி, ஜி, என், ஏசி, ஏஎக்ஸ்னு போயிக்கிட்டே இருந்துச்சு, மக்களுக்கு புரியலன்னு 2018ல நம்பர் வச்சாங்க. என் தான் 4, ஏசி தான் 5, ஏஎக்ஸ் தான் 6. வைஃபைங்கிற பேரே 1999ல விளம்பரத்துக்காக வச்ச பேரு, வயர்லெஸ் ஃபிடிலிட்டின்னு விரிவாக்கம் சொல்றதெல்லாம் பேரு வச்சதுக்கு அப்புறம் ஒட்டவச்சது. வைஃபை 5 பொட்டி நல்லா ஓடினா மாத்த வேண்டாம். புதுசா வாங்குறவங்க, வீட்டுல பத்து பதினஞ்சு சாமான் சேர்ந்திருந்தா 6 வாங்குங்க, அது கூட்டத்தை நல்லா சமாளிக்கும். பொட்டி 6ஆ இருந்து போன் 4ஆ இருந்தா 4 வேகம்தான் வரும்.

ரிப்பீட்டர் வாங்கினா மாடிக்கு வருமா?

வரும், ஆனா சாதா ரிப்பீட்டர்ல வேகம் பாதியாகும். ரிப்பீட்டர் ஒரே காதுல கேட்டு அதே வாயால திருப்பிச் சொல்றது, கேக்கும்போது சொல்ல முடியாது சொல்லும்போது கேக்க முடியாது. சிக்னல் செத்த எடத்துல அதை வச்சா செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும், பாதி வழியில வைக்கணும். மெஷ்னா ரெண்டு மூணு பொட்டி ஒரே பேருல சேந்து வேலை செய்யுறது, நடந்துக்கிட்டே போனாலும் கால் கட் ஆகாம மாறும், விலை கூட. நான் எப்பவும் சொல்றது மாடி வரைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்து அங்க ஒரு பழைய ரூட்டரை அக்சஸ் பாயின்ட் மோட்ல, அதாவது வைஃபை மட்டும் குடுக்குற மாதிரி, போட்டு விடுங்கன்னு, செலவும் கம்மி, வேகமும் முழுசா வரும்.

லேன் கேபிள்ல என்னங்க வித்தியாசம், எல்லாம் நீல வயருதானே?

உள்ள எட்டு வயரு, நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும். அதனால 100க்குத் தேவையில்லாத ஜோடியில ஒண்ணு அறுந்தா பெரும்பாலும் நெட் நிக்காது, பைய 100க்கு இறங்கிரும், ஏன் 300 பிளான்ல 95 மட்டும் வருதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருப்போம். வீட்டுக்கு கேட் 5ஈங்கிற கேபிள் ரகம் போதும், புதுசா இழுக்கறதுன்னா கேட் 6. ரெண்டுக்கும் 100 மீட்டர்தான் எல்லை. விலை ரொம்ப மலிவா குடுத்தா அது அலுமினியத்து மேல செம்பு பூசினதா இருக்கும், கேட்டு வாங்குங்க, முழு செம்புதானான்னு.

பாஸ்வேர்டு போட்டா போதுமா, பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துருவானோன்னு பயமா இருக்கு?

மூணு விசயம் பண்ணுங்க. செக்யூரிட்டிங்கிற எடத்துல டபிள்யூபிஏ2 இல்ல டபிள்யூபிஏ3ங்கிற பூட்டு ரகம் இருக்கணும், டபிள்யூஇபின்னு இருந்தா அது 2001லயே உடைஞ்ச பூட்டு. டபிள்யூபிஎஸ்னு ஒரு பட்டன் வசதி இருக்கும், அதோட எட்டு இலக்க ரகசிய நம்பரை (பின்) ஒடைக்கலாம்னு 2011ல கண்டுபுடிச்சுட்டாங்க, ஆஃப் பண்ணிருங்க. மூணாவதுதான் எல்லாரும் விடுறது, ரூட்டருக்குள்ள போற அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு வேற இது வேற, கம்பெனி வச்ச மாதிரியே கெடக்கும், மாத்துங்க. பாஸ்வேர்டுல போன் நம்பர், புள்ளை பேரு, வண்டி நம்பர் வேண்டாம், சம்பந்தமில்லாத நாலு வார்த்தை சேத்து நீளமா வைங்க. கடைக்கு வர்றவங்களுக்கு வைஃபை குடுக்கணும்னா கெஸ்ட் நெட்வொர்க்னு தனியா போடுங்க, உங்க பில்லிங் கம்ப்யூட்டர் பக்கமே வர முடியாது. வைஃபை பேருக்கு எஸ்எஸ்ஐடின்னு பேரு, அதை மறைச்சு வச்சா பாதுகாப்புன்னு நெனைக்காதீங்க, தேடுறவனுக்கு தெரியத்தான் செய்யும்.

சிலரு மேக் அட்ரஸ் வச்சு தடுப்பாங்க. மேக்குங்கிறது ஒவ்வொரு சாமானுக்கும் தயாரிக்கும்போதே வச்ச 48 பிட் அடையாளம். இப்ப வர்ற போனெல்லாம் அந்த அடையாளத்தை வைஃபைக்கு வைஃபை மாத்திச் சொல்லுது, அதனால தடுத்த போன் வேற பேருல திரும்ப வரும், உங்க சொந்த போனும் சில நேரம் வெளிய நிக்கும்.

ப்ளூடூத்தும் வைஃபையும் ஒண்ணா?

ஒரே 2.4 தெருதான், வேலை வேற. ப்ளூடூத் பக்கத்துல இருக்க ஹெட்செட், ஸ்பீக்கருக்கு, கரன்ட்டு கொஞ்சமா திங்கும். ஒரே எடத்துல நிக்காம செகண்டுக்கு 1600 தடவை அலைவரிசை மாறி மாறி ஓடும், அதனாலதான் அம்புட்டு நெரிசல்லயும் தாக்குப் புடிக்குது. பேரு பத்தாம் நூற்றாண்டுல டென்மார்க்கை ஆண்ட ஹரால்டுங்கிற ராசாவோட பட்டப்பேரு.

சித்திரைத் திருவிழாவுல டவர் ஃபுல்லா காட்டுச்சு, ஒரு போட்டோ போகல, ஏன்?

கோடு காட்டுறது டவர் சத்தம் உங்களுக்கு எம்புட்டு நல்லா கேக்குதுன்னு மட்டும்தான். உங்க முறை எப்ப வரும்னு அது சொல்லாது. அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு வைகைக் கரையில லட்சக்கணக்குல ஜனம், எல்லார் கையிலயும் போனு, எல்லாரும் ஒரே நிமிசத்துல வீடியோ அனுப்பப் பாக்குறாங்க, ஒரு டவருக்கு இருக்க அலைவரிசை அளவானதுதான். அன்னைக்கு போட்டோ வீட்டுக்கு வந்து அனுப்புங்க. தொலைஞ்ச ஆளை தேடணும்னா எஸ்எம்எஸ் அனுப்புங்க, அது ரொம்பச் சின்னது, டேட்டா போகாத எடத்துலயும் நுழைஞ்சு போயிரும்.

வைஃபை எம்புட்டு தூரம்தான் போகும்?

வீட்டுல நூறடின்னு வச்சுக்கங்க. ஆனா நம்ம பக்கத்துலயே ஒரு பெரிய விசயம் நடந்திருக்கு, இதைச் சொல்லும்போது எனக்கு எப்பவும் சந்தோசமா இருக்கும். 2000க்கு பின்னாடி வருசங்கள்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி தேனியிலருந்து சுத்து வட்டார ஊர்கள்ல இருந்த கண் மையங்களுக்கு வைஃபையிலயே பல கிலோமீட்டர் இணைப்பு குடுத்தாங்க, கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆளுங்க கூட சேந்து. ஊர்ல இருக்க பாட்டி அங்கயே உக்காந்து தேனி டாக்டரோட வீடியோவுல பேசி கண்ணைக் காட்டலாம். ரெண்டு பக்கமும் கோபுரம் மாதிரி ஒசரத்துல ஒரே தெசையைப் பாக்குற ஆன்டெனா, நடுவுல மரமோ மலையோ மறைக்காம நேர் பார்வை, அதான் ரகசியம். அது மட்டும் பத்தாது, சாதா வைஃபை ஒரு பாக்கெட் அனுப்பினா "வந்துருச்சு"ன்னு பதிலை ரொம்ப வெரசா எதிர்பாக்கும், தூரம் கூடினா பதிலு வர்றதுக்குள்ள தொலைஞ்சு போச்சுன்னு நெனைச்சு திரும்ப அனுப்பும். அதனால நீ இப்ப பேசு நான் அப்புறம் பேசுறேன்னு நேரம் பிரிச்சுக்குற மாதிரி அந்த விதியையே மாத்தி எழுதினாங்க.

அதுக்கும் முன்னாடி 2001ல மேலூர் பக்கத்து கிராமங்கள்ல சென்னை ஐஐடி உருவாக்கின கார்டெக்ட்ங்கிற வயர்லெஸ்ல இன்டர்நெட் கியோஸ்க், அதாவது ஊர்க்காரங்க வந்து நெட் பாக்குற சின்ன மையம், வச்சாங்க. போன் பேசாதப்ப 70 கிலோபிட், பேசிக்கிட்டே போனா 35. ஃபைபர் எட்டிப் பாக்காத காலத்துல நம்ம கிராமத்துக்கு காத்து வழியா வந்த நெட் அது.

கரன்ட் போனா நெட்டும் போகுது, என்ன பண்றது?

ஃபைபர் வெளிச்சத்துக்கு உங்க வீட்டு கரன்ட் தேவையில்ல, பொட்டிக்குத்தான் தேவை. முக்காவாசி பொட்டி 12 வோல்ட்லதான் ஓடுது, மினி யுபிஎஸ்னு கையடக்கமா விக்குது, மூணு நாலு மணி நேரம் தாங்கும். வாங்கும்போது அடாப்டர்ல எழுதியிருக்க வோல்ட் அப்படியே இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், கம்மியா இருந்தா பொட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். வோல்ட் மாத்தி சொருகி எரிஞ்ச பொட்டி என் கடையில நெறைய கெடக்கு.

ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒண்ணுதானே?

ஐயய்யோ இல்லங்க. ரீஸ்டார்ட்னா பொட்டியை தூங்க வச்சு எழுப்புறது, ஸ்விட்சை அணைச்சு ஒரு நிமிசம் விட்டுப் போடுங்க, எத்தனை தடவை வேணா பண்ணலாம். ரீசெட்னா பின்னாடி ஊசி நுழையுற ஓட்டைக்குள்ள குத்துறது, பொட்டி பொறந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிரும். உங்க வைஃபை பேரு, பாஸ்வேர்டு போறது மட்டும் இல்ல, கம்பெனிக்காரன் உள்ள அடிச்சு வச்ச யூசர் நேமு, அவன் லைனுக்கான செட்டிங்கும் சேந்து போயிரும். வில்லாபுரத்துல ஒரு பெரியவரு, யாரோ வீடியோவுல சொன்னாங்கன்னு சனிக்கிழமை சாயங்காலம் குத்திட்டாரு, கம்பெனி ஆளு திங்கக்கிழமைதான் வந்தாரு, பேத்திக்கு ஞாயித்துக்கிழமை ஆன்லைன் பரிட்சை, கடைசியில என் போன் ஹாட்ஸ்பாட்டை குடுத்துட்டு அவங்க வாசல்லயே மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன், புள்ளை எழுதி முடிச்சுட்டு வந்துச்சு. குத்துறதுக்கு முன்னாடி அந்த யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் கம்பெனிகிட்ட கேட்டு பொட்டிக்கு அடியில ஒரு சீட்டுல எழுதி ஒட்டிக்கங்க.